பிரித்த குட்டிகளுக்குக் காய்ச்சல், மூட்டு வீக்கம், இருமல்: பாக்டீரியாவா, வைரஸா?

கேள்வியின் சாரம் இது. தாயிடமிருந்து பிரித்து மூன்று, நான்கு வாரம் ஆன பன்றிக்குட்டிகள். நன்றாகத் தீனி எடுத்துக்கொண்டிருந்தவை திடீரென்று காய்ச்சலில் சுருண்டு படுக்கின்றன. சிலவற்றுக்கு மூட்டு வீங்கி நொண்டுகின்றன, சில இருமுகின்றன, ஒன்றிரண்டு பக்கவாட்டில் சாய்ந்து காலை உதைத்தபடியே செத்துப்போகின்றன. ஆன்டிபயாடிக் ஊசி சில தடவை கேட்கிறது, சில தடவை கேட்பதில்லை. இது பாக்டீரியா நோயா, வைரஸ் நோயா?

பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தது. இந்த வயதில் இந்த மாதிரி நோயைக் கிளப்பும் பாக்டீரியாக்கள் வெளியிலிருந்து புதிதாக வந்தவை அல்ல. பிறந்த நாள் முதல் அவை குட்டியின் மூக்கிலும் தொண்டைச் சதையிலும் குடியிருக்கின்றன. ஆரோக்கியமான குட்டியிடமும் இருக்கும். அவை இரத்தத்துக்குள் இறங்காமல் காவல் காப்பவை சில வகை வெள்ளணுக்கள். ஏதோ ஒரு வைரஸ் வந்து அந்தக் காவலைக் குலைத்ததும் பாக்டீரியா உள்ளே போகிறது. உடல் அதை எதிர்க்கக் கிளப்பும் அழற்சிதான் மூட்டையும் மூளை உறையையும் நுரையீரலையும் கெடுக்கிறது. நீங்கள் போடும் ஊசி பாக்டீரியாவை மட்டும் அடிக்கிறது. கதவைத் திறந்துவிட்டது யார் என்று பார்க்காதவரை அடுத்த தொகுதிக் குட்டிகளுக்கும் இதே கதைதான்.

இதற்குள் போவதற்கு முன்னால் ஒரு எச்சரிக்கை. குட்டிகள் மட்டுமல்லாமல் பெரிய பன்றிகளும் சேர்ந்து சாகின்றன, காது, வயிறு, தொடையின் உட்பக்கம் எல்லாம் சிவந்து ஊதா நிறமாகிறது, சினைப்பன்றிகள் கரு கலைக்கின்றன, எந்த மருந்தும் கேட்கவில்லை என்றால் மேலே படிக்க வேண்டாம். ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சலையும் சாதாரணப் பன்றிக்காய்ச்சலையும் முதலில் சந்தேகப்பட்டு அரசுக் கால்நடைத் துறைக்குத் தகவல் கொடுங்கள். செத்த பன்றியைக் கீறிப் பார்க்காதீர்கள். அந்த இரத்தம் முழுக்க வைரஸ் இருக்கும், கொட்டில் முழுக்கப் பரவிவிடும். ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் கென்யாவில் நடந்த ஆய்வுகளிலிருந்து 1921-இல் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. 2007-இல் ஜார்ஜியாவுக்கும், 2018 ஆகஸ்டில் சீனாவுக்கும் வந்து, ஆசியா முழுக்கப் பரவியது. அதற்குச் சிகிச்சை கிடையாது. பண்ணையிலிருந்து பன்றியோ, இறைச்சியோ, வண்டியோ வெளியே போகாமல் நிறுத்துவதுதான் ஒரே வேலை.

சரி, அது இல்லை என்று வைத்துக்கொண்டு பேசுவோம்.

முதலில் காய்ச்சலைப் பற்றிக் கொஞ்சம். பன்றியின் இயல்பான உடல் வெப்பம் ஏறக்குறைய 39 டிகிரி செல்சியஸ். குட்டிகளுக்கு அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். 40.5-ஐத் தாண்டினால் காய்ச்சல் என்று எடுத்துக்கொள்ளலாம். கடுமையான தொற்றில் 41, 42 வரை போகும். கிருமி உள்ளே நுழைந்ததும் வெள்ளணுக்கள் டிஎன்எஃப் ஆல்ஃபா, இன்டர்லூகின் 1, இன்டர்லூகின் 6 போன்ற சைட்டோகைன்களை, அதாவது அழற்சியைக் கிளப்பும் சமிக்ஞைப் புரதங்களை, வெளிவிடுகின்றன. இவை மூளைக்குப் போய்க் காய்ச்சலைக் கிளப்பும், பசியை அடக்கும். கல்லீரல் தன் வழக்கமான வேலையைக் குறைத்துக்கொண்டு ஹாப்டோகுளோபின் போன்ற அவசரகாலப் புரதங்களைத் தயாரிக்க ஆரம்பிக்கும். அதற்கு வேண்டிய அமினோ அமிலங்கள் தசையைக் கரைத்து வருகின்றன. குட்டி பிழைத்துக்கொண்டாலும் எடை போடாமல் நிற்பதன் காரணம் இதுதான். தீனி தின்னாதது ஒரு பக்கம், தின்றதும் தசைக்குப் போகாதது இன்னொரு பக்கம். சாவுக் கணக்கைவிட இந்த வளர்ச்சி இழப்புதான் பல பண்ணைகளில் பெரிய நஷ்டம். ஆனால் அது எந்த நோட்டிலும் ஏறுவதில்லை.

பன்றியின் நுரையீரலுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. மனிதர்களில் இரத்தத்தில் வரும் கிருமிகளை வடிகட்டும் வேலையைப் பெரும்பாலும் கல்லீரலும் மண்ணீரலும் செய்கின்றன. பன்றிகளில் நுரையீரலின் நுண் இரத்தக்குழாய்களுக்குள்ளேயே மேக்ரோஃபேஜ் என்னும் விழுங்கணுக்கள் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. இரத்தத்தில் வரும் பாக்டீரியாவையும் அதன் நச்சையும் முதலில் பிடிப்பவை அவைதான். அதனால் உடலில் எங்கே தொற்று வந்தாலும் பன்றிக்கு நுரையீரல் வீங்கும், மூச்சு வாங்கும். இன்னொரு விளைவும் உண்டு. இந்த அணுக்களைக் கொல்லும் வைரஸ் ஒன்று வந்தால் இரத்தத்தின் சல்லடையே கிழிந்துபோகிறது. அந்த வைரஸைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நீங்கள் சொல்லும் அறிகுறிகளுக்கு முதலில் நினைவுக்கு வரும் பாக்டீரியா ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சூயிஸ். பிரசவத்தின்போதே தாயின் பிறப்புப் பாதையிலிருந்து குட்டிக்குத் தொற்றிவிடும். அப்புறம் தொண்டைச் சதையில் தங்கிவிடும். பிரித்த பிறகு, தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் குறையும் வாரங்களில், இரத்தத்தில் இறங்கி மூளை உறை, மூட்டு, இதய வால்வு மூன்றையும் தாக்கும். இந்த நோயில் நேரம்தான் எல்லாம். குட்டி சாய்ந்து காலை உதைக்கும்போது பார்ப்பது தாமதம். அதற்குச் சில மணி நேரம் முன்பே அறிகுறி தெரியும். கூட்டத்திலிருந்து விலகி நிற்கும், காது பின்னால் மடங்கியிருக்கும், கண் சுருங்கியிருக்கும், எழுப்பி நடக்க விட்டால் பின்னங்கால் தள்ளாடும், சில நாய் மாதிரி உட்கார்ந்துவிடும். அதற்கு அடுத்த கட்டம்தான் தலை பின்னோக்கி வளைவதும், கருவிழி பக்கவாட்டில் துடிப்பதும், கால் நீச்சலடிப்பதும். காலை, மாலை இரண்டு வேளையும் கொட்டிலுக்குள் இறங்கி ஒவ்வொரு குட்டியையும் எழுப்பி நடக்கவிட்டுப் பார்க்கும் பண்ணையில் சாவு குறைவாகவே இருக்கும். வாசலில் நின்று எட்டிப் பார்ப்பவருக்கு இது எதுவும் தெரியாது.

அந்த முதல் கட்டத்தில் பென்சிலினோ ஆம்பிசிலினோ போட்டு, கூடவே அழற்சியைத் தணிக்கும் மருந்தையும் கொடுத்தால் பெரும்பாலானவை எழுந்துவிடும். மூளை உறை அழற்சிக்குப் பல கால்நடை மருத்துவர்கள் முதல் ஊசியுடன் டெக்சாமெத்தசோன் ஒரு தடவை சேர்ப்பார்கள். அதை மருத்துவர் முடிவு செய்யட்டும். ஸ்டீராய்டு எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்து அடக்கும், சினைப்பன்றிக்குப் போட்டால் கரு கலையலாம். விழுந்த குட்டியை உடனே தனி அறைக்கு மாற்றி, மெத்தென்று வைக்கோல் போட்டு, சில மணிக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைத்து, வாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கொடுக்க வேண்டும். விழுங்க முடியாத குட்டிக்கு ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அதனால் தலையைத் தாங்கிப் பிடித்து மெதுவாகத்தான். கிருமி செத்தாலும் நீர் வற்றிச் சாகும் குட்டிகள் கணிசம்.

இந்த பாக்டீரியா மனிதர்களுக்கும் வரும். பன்றியிலிருந்து மனிதருக்கு வந்த முதல் நோயாளிகள் 1968-இல் டென்மார்க்கில் பதிவானார்கள். 2005-இல் சீனாவின் சிச்சுவானில் 215 பேருக்குத் தொற்றி 38 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் நோயுற்ற அல்லது செத்த பன்றியை அறுத்தவர்கள். பிழைத்தவர்களுக்குக் காது கேளாமல் போவது இந்த நோயின் அடையாளம். கையில் வெட்டுக்காயத்தோடு செத்த குட்டியைக் கீறாதீர்கள். கையுறை போடுங்கள். பண்ணையில் வேலை செய்பவருக்குக் காய்ச்சலோடு கடும் தலைவலி, கழுத்து விறைப்பு வந்தால் மருத்துவரிடம் பன்றிகளோடு புழங்குவதைச் சொல்லியே ஆக வேண்டும்.

இரண்டாவது சந்தேகம் கிளேசரெல்லா பாராசூயிஸ். பழைய நூல்களில் ஹீமோஃபிலஸ் பாராசூயிஸ் என்று இருக்கும், 1910-இல் விவரிக்கப்பட்ட கிளேசர் நோயின் கிருமி. இதுவும் காய்ச்சல், மூட்டு வீக்கம், நரம்பு அறிகுறி எல்லாம் காட்டும். வெளியிலிருந்து பார்த்து சூயிஸா இதுவா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. வயிற்றையும் மார்பையும் திறந்தால் இதயத்தைச் சுற்றியும் குடல், ஈரல் மேலும் மஞ்சள் கலந்த வெள்ளைப் படலம் பாலாடை போலப் படிந்திருக்கும். அதுதான் ஃபைப்ரின். இரத்தக்குழாய்ச் சுவர் அழற்சியில் கசிந்து, வெளிவந்த புரதம் உறைந்து உருவாவது. முதல் சில நாளில் விரலால் உரித்தால் வந்துவிடும். சில வாரம் போனால் நார்த்திசுவாகி நுரையீரலை விலாவோடும், இதயத்தை அதன் உறையோடும் ஒட்டிவிடும். அந்த நிலைக்குப் போன குட்டிக்கு எத்தனை ஊசி போட்டாலும் அது வளராது. அதைத் தொடர்ந்து வைத்து வைத்தியம் பார்ப்பது குட்டிக்கும் வேதனை, மற்ற குட்டிகளுக்கும் ஆபத்து என்பது என் கருத்து.

மூன்றாவது, மைக்கோபிளாஸ்மா ஹையோரைனிஸ். இதுவும் அதே படலத்தைப் போடும், அதே மூட்டு வீக்கத்தைக் கொடுக்கும், நோய் மட்டும் சற்று மந்தமாக இழுக்கும். முக்கியமான வித்தியாசம் என்னவென்றால் மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல்சுவரே கிடையாது. பென்சிலின், அமாக்சிசிலின், செஃப்டியோஃபர் எல்லாம் செல்சுவரைக் கட்டவிடாமல் தடுத்துக் கொல்பவை. இல்லாத சுவரை அவை என்ன செய்யும்? உங்கள் ஊசி சில தடவை கேட்டு, சில தடவை கேட்காமல் போவதற்கு ஒரு காரணம் இங்கேயே இருக்கலாம். டைலோசின், லிங்கோமைசின், டியாமுலின், டெட்ராசைக்கிளின் வகைகள் இதற்குப் பயன்படும். டியாமுலின் கொடுப்பதாக இருந்தால் தீவனத்தில் மோனென்சின், சாலினோமைசின் போன்ற தீவனச் சேர்க்கை மருந்துகள் கலந்திருக்கிறதா என்று பையைப் படித்துப் பாருங்கள். இரண்டும் சேர்ந்தால் பன்றி செத்துவிடும்.

மூட்டு வீங்கும் எல்லாக் கிருமிக்கும் ஒரே வயது இல்லை. முதல் இரண்டு வாரக் குட்டிகளில் மூட்டு வீங்கினால் தொப்புள், பல் வெட்டிய இடம், வால் நறுக்கிய காயம், சிமெண்ட் தரையில் உரசித் தேய்ந்த முழங்கால் ஆகியவற்றைப் பாருங்கள். பத்து வாரத்துக்கு மேற்பட்ட வளரும் பன்றி காய்ச்சல் அதிகமில்லாமல் திடீரென்று நொண்டினால் மைக்கோபிளாஸ்மா ஹையோசினோவியே. மூன்று மாதத்துக்கு மேற்பட்டவை கடும் காய்ச்சலோடு, தோலில் சாய்சதுர வடிவத்தில் தடித்த சிவப்புத் திட்டுகளோடு வந்தால் எரிசிபெலஸ் என்னும் பாக்டீரியா நோய். கருப்புத் தோல் பன்றியில் சிவப்பு தெரியாது, கையால் தடவினால் தடிப்பு தட்டுப்படும். இது பென்சிலினுக்கு அழகாகக் கேட்கும். பிரெஞ்சு அறிவியலாளர்கள் பாஸ்டரும் துய்லியேவும் 1883-லேயே இதற்குத் தடுப்பூசி கொடுத்துவிட்டார்கள். அப்படியும் தடுப்பூசி தவறும் பண்ணைகளில் இன்றைக்கும் வந்துகொண்டிருக்கிறது.

இனி, கதவைத் திறப்பவை.

முதல் சந்தேகம் பிஆர்ஆர்எஸ் (PRRS) வைரஸ், பன்றியின் இனப்பெருக்கத்தையும் மூச்சையும் கெடுக்கும் நோயின் கிருமி. 1980-களின் கடைசியில் அமெரிக்காவில் என்னவென்றே தெரியாத நோயாகத் தலைகாட்டியது. 1991-இல் நெதர்லாந்தின் லெலிஸ்டாட் ஆய்வகத்தில் வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். நுரையீரலின் விழுங்கணுக்கள்தான் அதற்குப் பிடித்த இடம். அவற்றின் மேற்பரப்பில் உள்ள சிடி163 என்னும் புரதத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்து, அங்கேயே பெருகி, அணுவைக் கொல்கிறது. மேலே சொன்ன இரத்தச் சல்லடையைக் கிழிப்பது இதுதான். மிச்சமிருக்கும் அணுக்களும் பாக்டீரியாவை விழுங்குவதில் மந்தமாகிவிடுகின்றன. அதே சமயம் பாக்டீரியா நச்சு கொஞ்சம் பட்டாலும் அளவுக்கு மீறிச் சைட்டோகைன்களைக் கக்குகின்றன. கிருமியைக் கொல்வதில் மந்தம், அழற்சியைக் கிளப்புவதில் வேகம். இந்த இரண்டும் ஒரே குட்டியில் சேர்வதால்தான் பிஆர்ஆர்எஸ் இருக்கும் பண்ணையில் சாதாரண சூயிஸ் கூடக் கொத்துக்கொத்தாகக் கொல்கிறது.

இந்த வைரஸ் உங்கள் பண்ணையில் இருக்கிறதா என்பதற்கான முதல் தடயம் குட்டிகளிடம் இருக்காது, தாய்ப்பன்றிகளிடம் இருக்கும். கடந்த சில மாதங்களில் சினையின் கடைசிக் கட்டத்தில் கரு கலைந்ததா? நாள் முந்திப் பிரசவம் ஆனதா? ஒரே ஈற்றில் செத்துப் பிறந்ததும், உலர்ந்துபோன கருவும், நிற்க முடியாத குட்டியும் கலந்து வந்ததா? தாய்ப்பன்றிகள் ஒரு வாரம் தீனி எடுக்காமல் மந்தமாக இருந்ததா? இதில் இரண்டுக்கு ஆம் என்றால் பிஆர்ஆர்எஸ் சோதனை செய்யாமல் மேற்கொண்டு மருந்துக்குச் செலவு செய்வதில் அர்த்தமில்லை. தொற்றிய பன்றியின் தொண்டைச் சதையிலும் நிணநீர் முடிச்சுகளிலும் வைரஸ் பல மாதம் தங்கும். பார்க்க நன்றாக இருக்கும் பன்றியும் பரப்பும். உயிருள்ள வலுக்குறைத்த வைரஸில் செய்த தடுப்பூசிகள் இருக்கின்றன. அவை நோயின் கடுமையைக் குறைக்கும், தொற்றையே தடுக்காது. எந்த வகை வைரஸ் என்று தெரியாமல் ஊசி போடுவது, அதிலும் இதுவரை பிஆர்ஆர்எஸ் இல்லாத பண்ணையில் போடுவது, வேண்டாத வேலை. சிடி163 மரபணுவைத் திருத்தி இந்த வைரஸ் நுழையவே முடியாத பன்றிகளை உருவாக்கிவிட்டார்கள். 2025-இல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அதற்கு அனுமதியும் கொடுத்தது. நம் கைக்கு வரும்வரை கொட்டிலைத்தான் நம்ப வேண்டும்.

அடுத்தது பன்றி சர்கோவைரஸ் 2. வெறும் 1,700 சொச்சம் எழுத்துள்ள மரபணுத்தொகுதி, விலங்குகளைத் தாக்கும் வைரஸ்களில் மிகச் சிறியவற்றில் ஒன்று. 1990-களில் கனடாவிலிருந்து தொடங்கி உலகம் முழுக்கக் குட்டிகளை வற்றவைத்தது. முதுகெலும்பு தெரிய மெலியும், தோல் வெளிறும், தொடை இடுக்கில் நிணநீர் முடிச்சு கையில் தட்டுப்படும் அளவுக்குப் பெருக்கும். நிணநீர் முடிச்சுகளில் இருக்கும் லிம்ஃபோசைட்டுகள் என்னும் வெள்ளணுக்கள் காலியாகி, அந்த இடத்தை அழற்சி அணுக்கள் நிரப்புகின்றன. வைரஸுக்குக் கொழுப்பு உறை இல்லாததால் பல சாதாரணக் கிருமிநாசினிகளுக்கு அசராது. ஆனால் பன்றி வளர்ப்பில் நன்றாக வேலை செய்யும் தடுப்பூசிகளில் ஒன்று இதற்கானதுதான். 2006 வாக்கில் சந்தைக்கு வந்தது, மூன்று வார வயதில் போடுவது வழக்கம். நீங்கள் இதைப் போடுகிறீர்களா என்று கேள்வியில் இல்லை. போடவில்லை என்றால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதைத் தொடங்குங்கள்.

பன்றிக்காய்ச்சல் என்று சிலர் சொல்லும் இன்ஃபுளுயன்சா வேறு சங்கதி. ஒரே நாளில் கொட்டில் முழுக்கப் படுத்துக்கொள்ளும், குரைப்பது போல் இருமும், ஒரு வாரத்துக்குள் பெரும்பாலானவை எழுந்துவிடும். தனியாக வந்தால் சாவு குறைவு. அது மூச்சுக்குழாயின் உட்சுவரை உரித்துவிட்டுப் போன இடத்தில் பாஸ்சுரெல்லா என்னும் பாக்டீரியா வந்து உட்காரும்போதுதான் தொல்லை. 2009-இல் பரவிய எச்1என்1 மனிதரிடமிருந்து பன்றிக்கும் திரும்பப் போனது. ஆகவே சளிக்காய்ச்சல் உள்ள வேலையாளைக் கொட்டிலுக்குள் விடாதீர்கள்.

இருமலைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. வாரக்கணக்கில் வறட்டு இருமல், தீனி எடுக்கிறது, ஆனால் ஒரே வயதுக் குட்டிகளில் பெரிசும் சிறிசுமாக வித்தியாசம் விழுகிறது என்றால் மைக்கோபிளாஸ்மா ஹையோநிமோனியே. மூச்சுக்குழாயின் நுண்மயிர்களில் ஒட்டிக்கொண்டு அவற்றை உதிர்த்துவிடும், உள்ளே வரும் அழுக்கை வெளியே தள்ள ஆளில்லாமல் போகும். நுரையீரலின் முன், கீழ்ப் பகுதிகள் மட்டும் சதைப்பிடிப்பாகக் கெட்டிப்பட்டிருக்கும். இதற்கு நேர்மாறு ஆக்டினோபேசில்லஸ் புளூரோநிமோனியே. நேற்று மாலை நன்றாக இருந்த கொழுத்த பன்றி இன்று காலை மூக்கில் இரத்த நுரையோடு செத்துக் கிடக்கும். நுரையீரலின் பின், மேல் பகுதியில் கருஞ்சிவப்பாக இறந்த திசு, அதன் மேல் படலம். அதன் நச்சுகள் விழுங்கணுக்களையே உடைத்துவிடுவதால் இத்தனை வேகம். அதற்கு வயிறு முட்டத் தின்னும் வளரும் பன்றிகளே பெரும்பாலும் இரையாவதால், உங்கள் குட்டிகளுக்கு இது என்று எனக்குத் தோன்றவில்லை.

கழிச்சலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. பக்கத்துக் கொட்டிலில் இருந்தால் இந்த ஒரு விஷயத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிரித்த கையோடு வரும் ஈ.கோலை நீர்க்கழிச்சலில் குடல் பெரிதாக அழற்சி அடைவதில்லை, நச்சு நீரை இறைக்கிறது, அவ்வளவுதான். அங்கே உப்புக்கரைசல் பாதி வைத்தியம். சளியும் இரத்தமும் கலந்து வந்தால்தான் குடலில் உண்மையான அழற்சி. சால்மனெல்லா, பிராக்கிஸ்பிரா, லாசோனியா என்னும் பாக்டீரியாக்களைத் தேட வேண்டும்.

இப்போது என்ன செய்வது?

பிரேதப் பரிசோதனைக்கும் கிருமி வளர்ப்புக்கும் எந்தக் குட்டியைக் கொடுப்பது என்பதில்தான் பாதி ஆய்வுகள் வீணாகின்றன. மாதக்கணக்கில் வற்றிப்போன நோஞ்சானைத் தூக்கிக் கொடுப்பார்கள், அல்லது மூன்று ஊசி போட்டும் செத்ததைக் கொடுப்பார்கள். அதில் ஆன்டிபயாடிக் தப்பிய ஏதோ ஒன்றுதான் வளரும். இன்று காலை காய்ச்சல் கண்ட, இன்னும் மருந்தே போடாத இரண்டு, மூன்று குட்டிகளைக் கால்நடை மருத்துவரிடம் கொடுங்கள். பஞ்சுக்குச்சி மாதிரியை மூளை உறை, மூட்டு நீர், இதய உறை இவற்றிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். மூக்கிலிருந்து எடுத்து சூயிஸ் இருக்கிறது என்று முடிவு வந்தால் அது ஒன்றும் சொல்லாது, மூக்கில் எப்போதும் இருப்பதுதான் அது. மாதிரி ஐஸ்பெட்டியில் குளிர்ந்து போகட்டும், உறையக் கூடாது. வளர்ந்த கிருமிக்கு எந்த மருந்து கேட்கும் என்ற சோதனையையும் சேர்த்துக் கேளுங்கள்.

வைரஸைத் தேட எளிய வழி ஒன்று இருக்கிறது. சுத்தமான பருத்திக் கயிற்றை அறைக்குள் குட்டிகளின் தோள் உயரத்தில் தொங்கவிடுங்கள். பன்றிக்கு எதையும் மென்று பார்க்காமல் இருக்க முடியாது. அரை மணி நேரத்தில் பாதிக்கு மேற்பட்ட குட்டிகள் வந்து மென்றிருக்கும். ஈரமான நுனியை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் விட்டுப் பிழிந்தால் எச்சில் சேரும். அதில் பிஆர்ஆர்எஸ், இன்ஃபுளுயன்சா, சர்கோ மூன்றையும் பிசிஆர் என்னும் மரபணுச் சோதனையில் பார்க்கலாம். ஒரு குட்டியைக் கூடப் பிடித்துக் கத்தவைக்க வேண்டியதில்லை. வெவ்வேறு வயது அறைகளில் தனித்தனிக் கயிறு போட்டால் எந்த வாரத்தில் வைரஸ் ஏறுகிறது என்பது தெரியும். பாக்டீரியா நோய் கிளம்பும் வாரத்துக்குச் சற்று முன்னால் அது வந்தால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள். தடுப்பூசிக்கு ஏற்ற நாளும் அதிலிருந்தே கணக்காகும்.

முடிவு வரும்வரை காய்ச்சல் கண்டவற்றுக்கு ஊசியாகவே மருந்து போகட்டும். தீவனத்தில் கலப்பது நோயுற்ற குட்டிக்குப் போய்ச் சேராது, ஏனென்றால் அது தின்பதில்லை. தின்னாத குட்டியும் கொஞ்சம் தண்ணீர் குடிக்கும், ஆகவே கூட்டத்துக்குக் கொடுப்பதென்றால் தண்ணீரில். மெலாக்சிகாம், கீட்டோபுரோஃபென் போன்றவை காய்ச்சலையும் வலியையும் தணிப்பதால் குட்டி எழுந்து தீனியிடம் போகும். இதைச் செலவு என்று பலர் தவிர்க்கிறார்கள். என் கணக்கில் ஆன்டிபயாடிக்குக்கு அடுத்தபடி காசைத் திருப்பித் தருவது அதுதான். எடை போட்டு அளவு கொடுங்கள். மூட்டு நோய்க்கு இரண்டாவது நாள் நொண்டல் நின்றதும் ஊசியை நிறுத்தாதீர்கள். கொலிஸ்டின் என்னும் ஆன்டிபயாடிக்கை மட்டும் தொடாதீர்கள். அதை முறியடிக்கும் எம்சிஆர்-1 மரபணுவை 2015-இல் சீனாவில் பன்றிகளிடமும் இறைச்சியிலும் மனிதரிடமும் கண்டுபிடித்தார்கள். மனிதர்களுக்குக் கடைசியாக மிஞ்சியிருக்கும் மருந்துகளில் கொலிஸ்டின் ஒன்று. தவிர, மேலே சொன்ன மூன்று பாக்டீரியாவுக்கும் அது சரியான மருந்தும் அல்ல.

அடுத்த தொகுதிக்கு நோய் வராமல் இருக்க வேலை பிரசவ அறையிலேயே தொடங்குகிறது. பன்றியின் நச்சுக்கொடி வழியாக எதிர்ப்பொருள் குட்டிக்குப் போவதில்லை. பிறக்கும்போது குட்டியிடம் ஒன்றுமே இருக்காது, எல்லாம் சீம்பாலில்தான் வர வேண்டும். ஒரு நாள் ஆனதும் குடல் அந்தப் பெரிய புரதங்களை உள்ளே விடுவதை நிறுத்திவிடும். குட்டி ஒன்றுக்கு 250 மில்லியாவது உள்ளே போக வேண்டும். பதினைந்து குட்டி போட்ட தாயிடம் முதலில் பிறந்த பெரிய எட்டையும் வயிறு நிறைந்ததும் ஒரு மணி நேரம் பெட்டியில் போட்டு வைத்துவிட்டுச் சின்னவற்றைக் குடிக்கவிடுவது நல்ல பழக்கம். வேறு தாய்க்கு மாற்றுவதாக இருந்தால் முதல் நாளே, சீம்பால் குடித்த பிறகு மாற்றுங்கள். அதற்கு மேல் மாற்றினால் குட்டியோடு வைரஸையும் ஈற்றுக்கு ஈற்று நீங்களே கொண்டுபோய்க் கொடுக்கிறீர்கள். பல் வெட்டும் கிடுக்கியும் ஊசியும் அதே வேலையைச் செய்யும், ஈற்றுக்கு ஒரு ஊசி என்பது குறைந்தபட்சம்.

பிரித்த குட்டிகளின் அறையை ஒரே வயதுக் குட்டிகளால் நிரப்பி, முழுக்கக் காலி செய்து, கழுவி, காயவிட்டு, பிறகு அடுத்ததை விடுங்கள். வளராமல் தங்கிப்போன குட்டிகளை அடுத்த தொகுதியோடு சேர்ப்பதுதான் நான் பார்க்கும் பண்ணைகளில் திரும்பத் திரும்ப நடப்பது. இரக்கமாகத் தோன்றும், ஆனால் அந்தக் குட்டிதான் மூன்று வகைக் கிருமிகளையும் சுமந்து நிற்கிறது. வெளியிலிருந்து வாங்கும் பெட்டைகளைக் குறைந்தது ஒரு மாதமாவது தனியாக வைத்து, சோதித்து, பிறகு சேருங்கள். கொட்டில் காற்றில் அமோனியா 25 பிபிஎம்-ஐ (பத்து லட்சத்தில் 25 பங்கு) தாண்டினால் மூச்சுக்குழாயின் நுண்மயிர் பாதிக்கும். கருவி இல்லையென்றால், உள்ளே நுழைந்ததும் கண் எரிகிறதா என்று குட்டியின் உயரத்துக்குக் குனிந்து பாருங்கள்.

நீங்கள் எழுதியதை மட்டும் வைத்து என் ஊகம்: முன்னால் தெரிவது சூயிஸ் அல்லது கிளேசர், பின்னால் நிற்பது பிஆர்ஆர்எஸ். கயிற்றுச் சோதனையில் பிஆர்ஆர்எஸ் இல்லை என்று வந்தால் சர்கோ முடிவைப் பாருங்கள். அதுவும் சுத்தம் என்றால் வைரஸை விட்டுவிட்டு, பிரித்த முதல் இரண்டு வாரம் இரவில் அறையின் வெப்பம் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து பாருங்கள். நான்கு வாரக் குட்டிக்கு 28 டிகிரி வாக்கில் வேண்டும். விடியற்காலையில் குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து படுத்திருந்தால் குளிர் போதும், சூயிஸுக்கு வைரஸின் துணை தேவையில்லை. வெப்பமும் சரி, வளர்த்த கிருமி மட்டும் ஒவ்வொரு தடவையும் அதே வகை என்றால், அந்தக் கிருமியிலிருந்தே உங்கள் பண்ணைக்கென்று தடுப்பூசி செய்ய முடியுமா என்று ஆய்வகத்தில் கேளுங்கள். சூயிஸில் வகைகள் பல, ஒன்றுக்குப் போட்ட ஊசி இன்னொன்றைத் தடுக்காது. அதனால் மூளையிலிருந்தும் மூட்டிலிருந்தும் எடுத்து வளர்த்த கிருமியை ஆய்வகம் எறிந்துவிடாமல் பாதுகாத்து வைக்கும்படி முதல் நாளே சொல்லிவிடுங்கள்.